சுவரை வைத்துத்தான் சித்திரம்: லேசர் புரொஜெக்டரும் வீட்டுத் திரையறையும்

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பது நம் பழமொழி. பெரும்பாலும் உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் இதை எடுத்துச் சொல்வோம். ஆனால் வீட்டில் ஒரு சின்னத் திரையரங்கு அமைக்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடையாது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு, ஒரு தமிழ்ப் படத்தை நல்ல திரையில் பார்ப்பது எப்போதுமே கொஞ்சம் பாடுபட வேண்டிய காரியம்தான். ஊரின் ஏதோ ஒரு மூலையில் உள்ள தியேட்டரில், ஏதோ ஒரு வேளையில், ஒன்றிரண்டு காட்சிகள் போடுவார்கள். வயதான அப்பா அம்மாவை அவ்வளவு தூரம் அழைத்துப் போக முடிவதில்லை. பழைய படம் என்றால் அந்த வாய்ப்பும் இல்லை. எனவே வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கித் திரை கட்டுகிறார்கள். சில குடியிருப்புச் சங்கங்கள் பொதுவில் பணம் போட்டு, இருபது முப்பது பேர் அமரும் திரையறை அமைக்கின்றன. செலவு லட்சக்கணக்கில் போகிறது. கடைக்குப் போனால், "சார், இது லேசர். இனிமே லாம்ப் எல்லாம் யாரும் வாங்கறதில்லை" என்கிறார்கள். சரி, லேசர் என்ற பெயரில் நாம் உண்மையில் எதை வாங்குகிறோம்? அதனால் படம் எவ்வளவு மேம்படுகிறது? எவ்வளவு மேம்படுவதில்லை?

லேசர் படம் வரைவதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். லேசர் கதிர் திரையில் ஓடி ஓடிப் படத்தை வரைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நாம் வாங்கும் புரொஜெக்டர்களில் அப்படி இல்லை. லேசர் (தமிழில் சீரொளி என்கிறோம்) அங்கே பழைய விளக்கின் இடத்தில் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். படத்தை உருவாக்குவது உள்ளே இருக்கும் ஒரு சிறிய சில்லு.

இந்தச் சில்லுகளில் மூன்று வகைகள் பரவலானவை. டி.எல்.பி. என்பதில் லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பும் அல்லது ஒதுக்கித் தள்ளும். இதை 1987-ல் உருவாக்கியவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக். 1999-ல் 'ஸ்டார் வார்ஸ்' படவரிசையின் முதல் பாகம் அமெரிக்காவில் சில அரங்குகளில் படச்சுருளே இல்லாமல் திரையிடப்பட்டபோது, இந்தச் சில்லின் திறன் உலகுக்குத் தெரிந்தது. இரண்டாவது வகை எல்.சி.டி.; திரவப்படிகத்தின் ஊடாக ஒளி கடந்து செல்லும். மூன்றாவது எல்காஸ், திரவப்படிகத்தின் பின்னே கண்ணாடி போன்ற பரப்பு இருக்கும், ஒளி அதில் பட்டுத் திரும்பும். சோனியின் எஸ்.எக்ஸ்.ஆர்.டி., ஜே.வி.சி.யின் டி-ஐ.எல்.ஏ. ஆகியவை இந்த மூன்றாம் வகை.

ஆக, ஒரு புரொஜெக்டரின் படத்தரம் மூன்றின் கூட்டு: ஒளி எங்கிருந்து வருகிறது, சில்லு அதை எப்படிக் கையாளுகிறது, வெளியே அறை அதை என்ன செய்கிறது. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே உரக்கப் பேசுகின்றன.

பழைய விளக்கு எப்படி இருந்தது?

தியேட்டர்களில் நெடுங்காலம் எரிந்தது செனான் விளக்கு. அதன் ஒளி ஏறத்தாழச் சூரிய ஒளிபோல எல்லா நிறங்களையும் கொண்டது. ஆனால் உள்ளே வாயு மிகுந்த அழுத்தத்தில் இருக்கும். மாற்றும்போது வெடிக்கக்கூடும் என்பதால் ஆபரேட்டர்கள் முகக்கவசம் அணிந்துதான் கை வைப்பார்கள். வீட்டு புரொஜெக்டர்களில் இருந்தது பாதரச விளக்கு. அதில் நீலமும் பச்சையும் தாராளம், சிவப்பு பற்றாக்குறை. இரண்டாயிரம் முதல் நாலாயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டும். அதற்கு முன்பே வெளிச்சம் மளமளவென்று குறையும். புது விளக்கு போட்ட அன்று படம் 'பளிச்'. ஆறு மாதம் கழித்து அதே படம் மங்கல்.

லேசர் ஒளிமூலத்துக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் ஆயுள், வெளிச்சம் பாதியாகக் குறையும் வரை சுமார் 20,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் பதினெட்டு வருடம். போட்டவுடன் முழு வெளிச்சம் வந்துவிடும், அணைத்தபின் ஆறவிட வேண்டியதில்லை. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விளக்கு போனால் விளக்கை மட்டும் மாற்றினோம். லேசர் பகுதி பழுதானால் பெரும்பாலும் ஒளிப்பெட்டி முழுவதையும் மாற்ற நேரும். உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

'லேசர்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் உள்ளே இரண்டில் ஒன்று இருக்கலாம்.

ஒன்று லேசர்-பாஸ்பர். இதில் நீல லேசர் மட்டும்தான் உண்டு. அந்த நீல ஒளி, பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் பூசிய சக்கரத்தின் மேல் படும்போது மஞ்சள் ஒளி பிறக்கும். அந்த மஞ்சளிலிருந்து பச்சையையும் சிவப்பையும் பிரித்து எடுத்து, நீலத்தோடு சேர்த்துப் படம் காட்டுவார்கள். நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்பும் இதே வழியில்தான் எரிகிறது. நீல ஒளிக்குறைகடத்தியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது நினைவிருக்கலாம். அவர்களில் நகமுரா, நீல லேசர் டயோடையும் செய்து காட்டியவர்.

மற்றொன்று ஆர்.ஜி.பி. லேசர், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர். விலை கூடியது, நிறவளம் மிக்கது. பெரிய அரங்குகளின் உயர்தர லேசர் புரொஜெக்டர்கள் இந்த வகை. இப்போது வீட்டுக்கான சிறு கருவிகளிலும் வந்துவிட்டது.

இரண்டுக்கும் குணம் வேறு, குற்றம் வேறு. எனவே "லேசரா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எந்த லேசர்?" என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

கடையில் முதலில் காட்டப்படும் எண் லூமென். "இது 2,500, அது 3,500" என்பார்கள். நாமும் காய்கறி நிறுவை மாதிரி எது அதிகமோ அதுவே மேல் என்று எண்ணிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2002-ல் அமைத்த டி.சி.ஐ. என்ற கூட்டமைப்பு, டிஜிட்டல் சினிமாவுக்கான வரையறையை 2005-ல் வெளியிட்டது. அதன்படி திரையின் நடுவில் வெள்ளை நிறத்தின் வெளிச்சம் 48 நிட், அதாவது பழைய அளவில் 14 ஃபுட்-லாம்பர்ட் இருக்க வேண்டும். திரைப்படக் கலைஞர்கள் நிறத்தைச் சரிபார்ப்பது இந்த அளவில்தான்.

உங்கள் திரை 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 16-க்கு 9 விகிதத்தில் உயரம் சுமார் 5.6 அடி, பரப்பு 56 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் கிடைக்க, 14-ஐ 56-ஆல் பெருக்குங்கள்: 784 லூமென். அவ்வளவுதான்! 50 அடி அகல ஸ்கோப் திரை உள்ள தியேட்டருக்கு இதே கணக்கில் சுமார் 14,600 லூமென் தேவை. 2014-ல் அறிவிக்கப்பட்ட டால்பி சினிமா அரங்குகளில் வெள்ளை 108 நிட் வரை போகும். அந்த அளவை நம் 10 அடித் திரையில் எட்டவும் சுமார் 1,760 லூமென் போதும்.

அட்டையில் எழுதிய லூமென் முழுவதும் திரைக்கு வராது என்பது உண்மைதான். நிறத்தைச் சரியாக வைக்கும் 'சினிமா' நிலைக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கூடக் குறையலாம். அதைக் கழித்தாலும், இருட்டறையில் ஒரு நடுத்தரக் கருவியின் வெளிச்சமே போதும். ஆக, சிறிய திரையறையில் வெளிச்சப் பஞ்சம் இல்லை. பஞ்சம் இருட்டுக்குத்தான்.

இருட்டுதான் படத்தின் உயிர்

'நாயகன்' (1987) படத்தை எண்ணிப் பாருங்கள். மும்பைத் தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்ட அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காக பி.சி. ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். அறையின் மூலைகள் இருளில் கிடக்கும். அந்த இருள் அழுத்தமாக விழுந்தால்தான் முகத்தின் மேல் விழும் ஒளிக்குப் பொருள் உண்டு. கறுப்பு சாம்பலாக வெளுத்துப்போனால், கலைஞர் உழைத்து உருவாக்கிய காட்சி தட்டையாகி, ஏதோ பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

புரொஜெக்டரால் கறுப்பைத் திரையில் 'வீச' முடியாது. வெளிச்சத்தைத் தடுக்கத்தான் முடியும். தடுத்தும் கொஞ்சம் கசியும். முழு வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் உள்ள விகிதமே காண்ட்ராஸ்ட். டி.சி.ஐ. வரையறை மேற்கோள் அளவாகக் கொள்வது 2,000-க்கு 1. அதாவது வெள்ளை 48 நிட் என்றால் கறுப்பு 0.024 நிட். இந்தக் கசிவைத் தீர்மானிப்பது சில்லும் லென்ஸும்தான், லேசர் அல்ல. பொதுவாக வீட்டுக் கருவிகளில் எல்காஸ் வகை மிக ஆழ்ந்த கறுப்பையும், விலை குறைந்த ஒற்றைச் சில்லு டி.எல்.பி. வெளிர்ந்த கறுப்பையும் தரும்.

அப்படியானால் விளம்பரத்தில் 'இருபது லட்சத்துக்கு 1', 'எல்லையற்ற காண்ட்ராஸ்ட்' என்று போடுகிறார்களே, அது என்ன? லேசரை நொடிப்பொழுதில் மங்கச் செய்யலாம், அணைக்கவும் செய்யலாம். திரை முழுக்கக் கறுப்பாக வரும் கணத்தில் லேசரை அணைத்துவிட்டு அளந்தால், எண் எவ்வளவு வேண்டுமானாலும் வரும்! ஆனால் இருண்ட வானில் ஒரு நிலா இருந்தால் அணைக்க முடியாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும்போது கவனித்துப் பாருங்கள். எழுத்து வந்தவுடன் பின்னணி 'குப்'பென்று வெளுப்பது தெரிந்தால், அந்தப் பெரிய எண்ணின் ரகசியம் அதுதான். இந்த மங்கச் செய்யும் முறையைப் பக்குவமாகக் கையாளும் கருவிகளும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஓர் உதவியே தவிர, சில்லின் இயல்பான காண்ட்ராஸ்டுக்கு மாற்று ஆகாது.

இனி, பழமொழிக்கு வருவோம். கருவி எத்தனை உயர்ந்ததானாலும் கடைசி வார்த்தை சுவருடையது. திரையில் பட்ட வெளிச்சம் அறைக்குள் சிதறி, சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டு, மறுபடி திரைக்கே வருகிறது. நம் அடுக்ககங்களில் கூரை வெள்ளை, சுவர் இளமஞ்சள், தரை பளபளக்கும் டைல்ஸ். வெள்ளைப் பெயிண்ட் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்.

கணக்குக்காக, திரையிலிருந்து கிளம்பும் ஒளியில் வெறும் 2 சதவீதம் இப்படித் திரும்பி வந்து திரை முழுக்கச் சமமாகப் படர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. அப்போது கறுப்புப் பகுதியின் மேல் வெள்ளையில் நூற்றில் ஒரு பங்கு ஒளி வந்து உட்காரும். உங்கள் கருவியின் காண்ட்ராஸ்ட் பத்தாயிரத்துக்கு 1 ஆக இருக்கட்டும், லட்சத்துக்கு 1 ஆக இருக்கட்டும். அந்தக் காட்சியில் கண்ணுக்குக் கிடைப்பது 100-க்கு 1-ஐத் தாண்டாது. இரண்டு லட்ச ரூபாய் கருவிக்கும் பத்து லட்ச ரூபாய் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வெள்ளைக் கூரை விழுங்கிவிட்டது!

பரிகாரம் எளிது. திரையை ஒட்டிய ஐந்தாறு அடிக்காவது கூரைக்கும் பக்கச்சுவருக்கும் பளபளப்பில்லாத அடர்நிறப் பெயிண்ட், முடிந்தால் கறுப்பு வெல்வெட் திரைச்சீலை. தரையில் அடர்நிற ஜமுக்காளம். வீட்டில் "இதென்ன, ஹாலை அமாவாசை ஆக்கப் போறீங்களா?" என்று கேட்பார்கள்தான். இழுத்து மூடும் திரைச்சீலை என்றால் படம் முடிந்ததும் விலக்கிவிடலாம். ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் இதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை.

இன்னொன்று. நம் படங்களில் பல அகன்ற ஸ்கோப் வடிவத்தில் வருகின்றன. 16-க்கு 9 திரையில் அவற்றைப் போட்டால் உயரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு, மேலும் கீழும் கறுப்புப் பட்டையாக நிற்கும். அது கறுப்பாக இல்லாமல் சாம்பலாக ஒளிர்ந்தால் கண் அங்கேயே போகும். இரண்டு கறுப்புத் துணிப் பட்டைகளால் அதை மறைத்துவிட்டால், அதே கருவியில் படம் ஒரு படி உயர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

நிறம்: லேசரின் உண்மையான வரம்

நிறத்தில்தான் லேசர் தன் தகுதியைக் காட்டுகிறது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு வகுத்த நிறப்பரப்பு ரெக். 709. அதைவிட அகன்றது தியேட்டருக்கான பி3. அதனினும் அகன்றது 2012-ல் வகுக்கப்பட்ட ரெக். 2020, அதன் சிவப்பு 630, பச்சை 532, நீலம் 467 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒற்றை நிறங்கள். இப்படித் தூய ஒற்றை நிறங்களை லேசரால் எளிதாகத் தர முடியும். எனவே ஆர்.ஜி.பி. லேசர் இந்தப் பரப்பின் பெரும்பகுதியை எட்டுகிறது. பாஸ்பர் வகை பி3-ஐ எட்ட வேண்டுமானால் வடிகட்டி ஒன்றைக் குறுக்கே வைக்க வேண்டியிருக்கும். அப்போது வெளிச்சம் குறையும்.

ஆனால் கருவியால் காட்ட முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் காட்டக்கூடாது. இன்றைய படங்களில் பெரும்பாலானவை பி3 எல்லைக்குள்தான் நிறம் தீட்டப்படுகின்றன. பழைய படத்தை 'விவிட்' நிலையில் போட்டால் வாழையிலை பிளாஸ்டிக் பச்சையாகும். பட்டுப்புடவைச் சிவப்பு கண்ணைக் குத்தும். மாநிற முகம் செங்கல் நிறமாகும். நம் கண் எதை மன்னித்தாலும் மனிதத் தோலின் நிறம் தவறினால் மன்னிக்காது. ஆகவே 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று பெயரிட்ட நிலையில் வைத்து, முடிந்தால் அளவுக்கருவி கொண்டு சரிபார்ப்பவரை ஒருமுறை அழைத்து நிறத்தைச் சீர் செய்துகொள்ள வேண்டும். லேசர் நெடுநாள் சீராக எரிவதால், அந்தச் சீரமைப்பும் பழைய விளக்கைவிட நெடுநாள் நிற்கும். லேசரின் பெரிய வரம் வெளிச்சம் அல்ல, இந்த நிலைத்தன்மைதான்.

ஒரு விசித்திரமும் உண்டு. மிகத் தூய ஒற்றை நிறங்களைக் கலந்து வெள்ளை உண்டாக்கும்போது, அந்த வெள்ளை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. மனிதருக்கு மனிதர் கண்ணின் நிற உணர்வு சற்று மாறும். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி நீலத்தை வடிகட்டும். பரந்த நிறமாலை கொண்ட விளக்கில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆர்.ஜி.பி. லேசரில் தெரியலாம். தாத்தா "மஞ்சளடிக்குது" என்றும், பேரன் "இல்லை, சரியாத்தான் இருக்கு" என்றும் சொன்னால் இருவரும் உண்மையே பேசுகிறார்கள்! பெரியவர்களுக்காக அமைக்கும் திரையறை என்றால், வாங்கும் முன் அவர்கள் கண்ணாலும் ஒருமுறை பார்க்கச் செய்வது முறை.

மினுமினுப்பும் வானவில்லும்

லேசருக்கே உரிய குறை ஸ்பெக்கிள் என்னும் மினுமினுப்பு. லேசர் ஒளியின் அலைகள் அணிவகுப்புப் போல ஒழுங்காக வரும். திரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும்போது, சில இடங்களில் அலைகள் கூடி ஒளிரும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து மங்கும். விளைவு: வெள்ளைப் பரப்பிலும் செம்பரப்பிலும் மணல் தூவியதுபோல் ஒரு நெளிவு. தலையை அசைத்தால் அதுவும் அசையும். சற்று வேறுபட்ட பல அலைநீளங்களைக் கலப்பது, அதிரும் ஒளிபரப்பியை உள்ளே வைப்பது, சில அரங்குகளில் திரையையே மெல்ல அதிரச் செய்வது ஆகியவை இதற்கான வழிகள். பாஸ்பரில் பிறக்கும் மஞ்சள் ஒளிக்கு இந்த ஒழுங்கு கிடையாது என்பதால் அந்த வகையில் மினுமினுப்பு ஏறக்குறைய இல்லை.

திரையின் தேர்வும் இதில் சேரும். ஒளியைக் குவித்துத் திருப்பும் பளபளப்புத் திரைகளில் மினுமினுப்பு கூடும். நடுவில் மட்டும் வெளிச்சம் திரளும். பகலில் ஹாலில் பார்ப்பவருக்கு, மேலிருந்து வரும் ஒளியை ஒதுக்கும் சிறப்புத் திரை உதவும். ஆனால் முழு இருட்டறைக்கு எளிய, மங்கலான வெள்ளைத் திரையே உத்தமம்.

வானவில் என்பது லேசரின் குறை அல்ல, ஒற்றைச் சில்லு டி.எல்.பி.யின் குறை. அது சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாக அதிவேகமாகக் காட்டுகிறது. சிலர் கண்ணைத் திருப்பும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வண்ணக் கீற்றுகள் தெரியும். சிலருக்குத் தலைவலியே வரும். மூன்று சில்லுக் கருவிகளில் இது இல்லை.

4கே தேவைதானா?

நல்ல கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வரை பிரித்தறியும் என்பது கணக்கு. 10 அடித் திரையில் அகலவாட்டில் 1,920 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளி சுமார் 1.6 மில்லிமீட்டர். ஏறத்தாழ 18 அடிக்கு அப்பால் அமர்ந்தால் அந்தப் புள்ளிகளைக் கண் பிரித்தறியாது. 3,840 புள்ளிகள் உள்ள 4கே என்றால் அந்தத் தூரம் 9 அடி. ஆக, 10 முதல் 12 அடி தொலைவில் அமரும் வீட்டுக்கு 4கே பயன் தரும். 20 அடிக்கு அப்பால் அமரும் கடைசி வரிசைக்கு வித்தியாசம் தெரியாது.

அதைவிட முக்கியம், படம் எந்த வழியாக வருகிறது என்பது. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதியில் நொடிக்கு 250 மெகாபிட் வரை தகவல் வரலாம். 4கே ப்ளூ-ரே வட்டில் அதன் உச்சம் 128. இணையவழி வரும் 4கே படம் பொதுவாக 15 முதல் 25 மெகாபிட் அளவுதான். இருண்ட காட்சியில் கட்டம் கட்டமாக, படி படியாகத் தெரிந்தால், புரொஜெக்டரைத் திட்டுவதற்கு முன் படம் வரும் வழியைப் பாருங்கள். எச்.டி.ஆர். படங்களும் அப்படித்தான். அவை 1,000 நிட் அளவுக்குத் தொலைக்காட்சியை மனத்தில் கொண்டு தயாரானவை. நூறு நிட் தரும் புரொஜெக்டர் அதைச் சுருக்கித்தான் காட்ட வேண்டும். அந்தச் சுருக்கும் கலையில் கருவிக்குக் கருவி ஏற்றத்தாழ்வு உண்டு.

வெயில், தூசி, குழந்தைகள்

லேசர் டயோடுக்கு வெப்பம் ஆகாது. அதிலும் சிவப்பு லேசர் சூட்டில் சீக்கிரம் சோர்ந்துவிடும், நிறச்சமநிலை பிசகும். தில்லி, நாக்பூர் போன்ற ஊர்களில் கோடை வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, கருவியைக் காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள் அடைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் காரியம். வடக்கே புழுதிக்காற்று வீசும் ஊர்களில், ஒளிப்பாதை தூசி புகாமல் மூடப்பட்ட கருவிதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். திரையில் படும் ஒளியைப் பார்ப்பதால் கண்ணுக்குத் தீங்கில்லை. லென்ஸுக்குள் நேராகப் பார்ப்பதுதான் ஆபத்து. சுவரை ஒட்டித் தாழ்வாக வைக்கும் கிட்டத்துப் புரொஜெக்டர் உள்ள வீடுகளில் குழந்தைகள் எட்டிப் பார்க்கக்கூடும். யாராவது அருகே வந்தால் தானே மங்கும் வசதி கருவியில் இருக்கட்டும். அது இருந்தாலும் நம் கண்காணிப்பு வேண்டும்.

வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

கடைக்காரர் போட்டுக்காட்டும் படத்தில் பறவையும் பூவும் பழமுமாக இருக்கும். அதில் எந்தக் கருவியும் அழகாகத்தான் தெரியும். நமக்குத் தெரிந்த படத்தை நாமே கொண்டுபோக வேண்டும்.

1. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. பாடலே இல்லாமல் 1954-ல் வந்த 'அந்த நாள்' போல நிழல் நிறைந்த படம் உத்தமம். சாம்பல் நிறத்தில் எங்காவது பச்சையோ ஊதாவோ கலந்தால் நிறச்சமநிலை சரியில்லை.

2. இரவுக்காட்சி ஒன்று. கறுத்த சட்டையின் மடிப்பும், தலைமுடியின் இழையும் இருளுக்குள் தெரிய வேண்டும்; இருளும் இருளாக இருக்க வேண்டும்.

3. கறுப்பில் ஓடும் வெள்ளை எழுத்து. பின்னணி வெளுக்கிறதா, ஓரத்தில் வானவில் தெரிகிறதா என்று பாருங்கள்.

4. பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு முகம். தோலின் நிறம் இயல்பாக இருக்கிறதா?

5. வெறும் வெள்ளை, வெறும் சிவப்பு. நாற்காலியில் அமர்ந்து தலையை அசைத்து மினுமினுப்பைத் தேடுங்கள்.

இவற்றைக் குடும்பத்தோடு பாருங்கள். ஒருவர் கண்ணுக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியும்.

செலவின் வரிசை

டி.சி.ஐ. வரையறையில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பொதுமக்கள் பார்க்கும் தியேட்டரில் வெளிச்சம் 48 நிட்டிலிருந்து 10.2 நிட் வரை கூடலாம், குறையலாம் என்று சலுகை தருகிறது. ஆனால் திரைக்கலைஞர்கள் தங்கள் படத்தைச் சரிபார்க்கும் சிறிய திரையறைக்குத் தரும் சலுகை அதைவிட மிகக் குறைவு. சின்ன அறைதானே என்று விட்டுவிடவில்லை. அங்கேதான் கண்டிப்பு அதிகம். நம் வீட்டுத் திரையறைக்கும் இந்த மனப்பான்மை வேண்டும். தியேட்டரில் கூட்டமும் ஆரவாரமும் குறையை மறைக்கும். வீட்டில் பத்தடி தூரத்தில், அமைதியில், எந்தக் குறையும் மறையாது.

ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் அறையின் இருட்டு, அடுத்து நல்ல திரை, மூன்றாவதாகக் கருவி, அதற்குப்பின் நிறச் சீரமைப்பு. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பணமெல்லாம் கருவிக்குப் போய்விடுகிறது. பெயிண்ட் அடிக்கவும் திரைச்சீலை தைக்கவும் மிச்சமில்லை. லேசர் நீடித்து எரியும், நிறத்தை அள்ளித் தரும், தொல்லையில்லாமல் உழைக்கும். ஆனால் இருட்டை அதனால் தர முடியாது. அதை நாம்தான் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.